மச்சான் தூக்கிய இரண்டு கை

1

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஊர்த் தலைவர், ஊர்க் கணக்குப் பார்ப்பவர், மண் லாரி வைத்திருக்கும் ராஜாங்கம், அவர் தம்பிமார், கோயிலுக்கு வரி கட்டும் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும். எங்கள் தெரு ஆண்கள் பின்னால் நின்றிருந்தார்கள். அதில் என் அப்பா இருந்தார். என் அக்கா வீட்டுக்காரர் பாண்டி மச்சான் இருந்தார். மச்சான் கையில் இருந்த போனுக்குள் நான் இருந்தேன். சுவிட்சர்லாந்தில், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு.

வராதவர்கள்: பெண்கள். ஒருத்திகூட இல்லை. அன்றைக்குக் கூட்டம் போட்டதே ஒரு பெண்ணைப் பஞ்சாயத்துத் தலைவராக்குவதற்குத்தான். யார் பேரில் அந்தப் பதவி முடிவானதோ அந்தப் பேச்சியம்மாள் வரவில்லை. தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட என் அக்கா செல்வராணியும் வரவில்லை. பெண்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கோர்ட்டுக்காவது போகலாம்.

இது நடந்தது போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, மறுபடி எலெக்‌ஷன் வரும்போல இருக்கு. ஊர்ல கூட்டத்துக்கு நாள் பாக்குறாங்க. இந்தத் தடவையும் நம்ம தெருவுக்கு, பொம்பளைக்குத்தான் சீட்டு."

"அக்கா என்ன சொல்லுது மச்சான்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து போன் அதிர்ந்தால் முதலில் யார் பேர் என்று பார்க்கிறேன். அப்புறம்தான் எடுக்கிறேன்.

2

நான் இருப்பது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். வால்வு செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுக்கப் போனது நான் ஒருத்தன்தான். அதனால் எதையும் புத்தகத்தில் படித்த மாதிரியே நம்பிவிடுகிற குணம் எனக்கு உண்டு. கூட வேலை பார்க்கும் ரேட்டோ, நான் வந்த முதல் வசந்தத்தில் சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாகாணக் கூட்டம். சட்டத்தை நாங்களே கை தூக்கிப் போடுவோம். வந்து பார்."

வெளிநாட்டுக்காரன் போகலாமா என்று தெரியவில்லை. விசா புதுப்பிக்க நகராட்சி அலுவலகம் போனபோது அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். அப்போது என் ஜெர்மன் அரைகுறை. பார்க்க வரலாமா என்று கேட்க நினைத்து, கூட்டத்தை மொத்தமாக முன்பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "மன்னிக்கணும், அது வாடகைக்கு விடுவதில்லை" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போது நினைத்தால், எங்கள் ஊரில் கேட்டிருந்தால் விலை சொல்லியிருப்பார்கள்.

சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். ஆளுக்கொரு வண்ண அட்டை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அட்டையைத் தூக்கினார்கள். மேடையில் நின்றவர் கண்ணாலேயே அளந்து, எந்தப் பக்கம் அதிகம் என்று சொன்னார். கயிறு கட்டி அதற்கு வெளியே எங்களை மாதிரி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலை முதலாளிக்கு லாபமாக ஒரு சாலையை அகலப்படுத்தும் தீர்மானம் வந்தது. முதலாளி ரேட்டோவுக்கு முன்வரிசையில்தான் நின்றார். ரேட்டோ வேண்டாம் என்று அட்டையைத் தூக்கினான். நாளைக்கு இவனுக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன். மறுநாள் காபி மிஷினுக்குப் பக்கத்தில் முதலாளி அவனிடம் காலை வணக்கம் சொல்லி, அவன் நாய்க்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தார்.

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன். "இங்க மந்திரி, எம்.எல்.ஏ.ன்னு ஒருத்தன நம்பி விடுறதில்லக்கா. எல்லாரும் கூடிக் கை தூக்குறாங்க. ஒருத்தன்னா வெலைக்கு வாங்கலாம். இம்புட்டுப் பேர யாரு வாங்க முடியும்?"

அக்கா சிரித்தாள். "நம்ம ஊர்லயும்தான்டா கை தூக்குறாங்க. நீ பாத்ததில்ல. ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையில்ல."

3

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டிலிருந்து பிரிந்து போக வேண்டும். அங்கே கல்யாணமான ஆணைத் தலைக்கட்டு என்பார்கள். தலைக்கட்டுக்கு வரி உண்டு. வரி கட்டினால் கூட்டத்தில் கை உண்டு. எங்கள் தெருவில் வரி வாங்க ஆரம்பித்ததே நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதுதான். அதுவரை எங்களிடம் வரியும் வாங்கவில்லை, வார்த்தையும் கேட்கவில்லை. வரி வாங்கிய முதல் வருசம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். பின்னால்தான் நிற்க வேண்டும். இருந்தாலும் திரும்பி வந்து, "என் கையயும் எண்ணுனாங்க" என்றார். யார் யார் தோட்டத்திலோ காலமெல்லாம் கூலி வேலை பார்த்த மனுசனுக்கு அது பெரிய விசயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

அந்தக் கூட்டத்தில்தான் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விடுவார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவர் ஒருத்தர் மட்டும் மனுப் போட வேண்டும். மற்றவர் யாரும் போடக்கூடாது. பணம் கோயிலுக்கு. தேர்தல் கமிஷன் வேண்டாம் என்கிறது, கலெக்டர் எச்சரிக்கிறார், எல்லாம் பேப்பரில் வரும். அந்தப் பேப்பரை விரித்துப் போட்டுத்தான் கூட்டத்தில் உட்காருவார்கள்.

இதற்கு ஊர் சொல்லும் நியாயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊர்த் தலைவர் ஒரு தடவை அப்பாவிடம் விளக்கியிருக்கிறார்: "எலெக்‌ஷன் வச்சா என்ன நடக்கும்? ராவோட ராவா வீட்டுக்கு வீடு ஓட்டுக்குக் காசு குடுப்பான். அதக் குடிச்சே தீப்பீங்க. அண்ணன் தம்பிக்குள்ள வெட்டுக்குத்து வரும். இதுன்னா வெட்டவெளிச்சமா, எல்லாரும் பாக்க, ஒரே எடத்துல காசு வருது. கோயில் இருக்கு, மண்டபம் இருக்கு. ஒருத்தன் பையில போச்சா? சொல்லு." அப்பா அதை அப்படியே வந்து எங்களிடம் சொன்னார். எனக்கும் ரொம்ப நாள் அது நியாயமாகவே பட்டது. ஏலத்தில் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து திருப்பி எடுப்பார் என்று அக்காதான் சொன்னாள்.

அக்கா மூணாவதோடு நின்றவள். சித்தாள் வேலை. காலையில் எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறி மதுரைக் காளவாசலில் இறங்குவாள். கொத்தனார்கள் வந்து ஆள் பிடிக்கும் இடத்தில், தனித்தனியாகக் கூலி பேச விடமாட்டாள். எல்லோருக்கும் ஒரே கூலி, இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். விளாங்குடியில் எழும்பிய பாதி மாடிகளில் அவர்கள் சுமந்த செங்கல் இருக்கும். அவளுக்கு ஏன் தலைவராகும் ஆசை என்றால், எங்கள் தெருத் தண்ணீர் மோட்டார். அது எப்போதும் ரிப்பேர். பில் மட்டும் தவறாமல் பாஸாகும். "நம்ம மோட்டாருக்கு வைத்தியம் பாத்த காசுல ஒரு ஆஸ்பத்திரியே கட்டியிருக்கலாம்" என்பாள். பதவி எங்கள் தெருப் பெண்ணுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியதும், ராஜாங்கம் தன் தோட்டத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் பேரில் ஏலம் கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"நில்லுக்கா" என்று சொன்னது நான். சதுக்கத்தில் பார்த்த அட்டைகள் என் கண்ணுக்குள் இருந்தன. "நம்ம தெரு ஆளுங்க கை தூக்கலைன்னா ஏலம் செல்லாது. எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு சொல்லட்டும்."

"சொல்லுவாங்களா?"

"ஏன் சொல்ல மாட்டாங்க?"

அக்கா, "கூட்டத்தன்னைக்கு ஒங்க மச்சான் போன் போடுவாரு. நீ பாத்து எனக்குச் சொல்லு, யாரு தூக்குனா, யாரு தூக்கலன்னு. அவரு சொன்னா மறைச்சுச் சொல்லுவாரு" என்றாள்.

4

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள். வரி கட்டியாகிவிட்டது. ஊரில் இல்லாவிட்டாலும் நான் ஒரு தலைக்கட்டு. அதை நான் மறந்துவிட்டேன். ஊர் மறக்கவில்லை.

மச்சான் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் முதுகுதான் தெரிந்தது. மைக்கில் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ராஜாங்கம் பதினாறு லட்சம் என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

"பதினாறு லட்சம், கோயில் மண்டபத்துக்கு. சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் ஊர்த் தலைவர்.

எங்கும் சலசலப்பு கேட்டது. எனக்கோ அதே முதுகு. "மச்சான், ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் மேல தூக்குங்க" என்றேன்.

அவர் தூக்கினார். கையை முழுக்க நீட்டி, தலைக்கு மேலே. அப்போதுதான் கூட்டம் முழுசும் தெரிந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே கைகள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கை தூக்கியபடியே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் தூக்கவில்லை என்று பார்க்கிறார்கள். எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருத்தராக, அந்தப் பார்வை தங்கள் மேல் வந்து நிற்க நிற்க, தூக்கினார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கை பாதியில் நின்றது. ராஜாங்கம் திரும்பினார். கை மேலே போனது.

"பாண்டி, கைல என்ன?" மைக்கில் ஊர்த் தலைவரின் குரல்.

"போனுங்கய்யா. எங்க மாப்ள. வெளிநாட்டுல இருந்து பாக்குறான்."

"ஓ. அங்கிருந்தே கை தூக்குறானா? நல்ல பையன். படிச்ச பையன்ல. அவன் கையயும் சேத்துக்கங்கப்பா." கணக்குப் பார்ப்பவர் நோட்டில் குறிக்கக் குனிந்தார். "சரி, அது மாப்ள கை. ஒன் கை எங்க?"

கூட்டம் சிரித்தது. எல்லாத் தலையும் மச்சான் பக்கம். "இல்ல, நான்..." என்று நான் கத்தியது என் காதிலேயே நின்றுவிட்டது. மச்சான் போன் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். என் எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்தவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

மச்சான் இடது கையையும் தூக்கினார். போலீஸ் முன்னால் நிற்கிறவன் மாதிரி, இரண்டு கையும் மேலே.

"கை தூக்கிச் சம்மதிச்சது ஊருக்குக் குடுத்த வாக்கு" என்றார் ஊர்த் தலைவர். "வாக்குக் குடுத்தவன் வீட்டுல இருந்து எவராச்சும் மீறி மனுப் போட்டா, தூக்குன கைக்குத் தக்கன அபராதம். எம்புட்டுன்னு அப்பப் பாத்துக்கலாம்."

போன் இறங்கியது. மறுபடி அதே முதுகு.

அக்கா உடனே கூப்பிட்டாள்.

"யாரு யாரு தூக்குனா?"

"எல்லாரும்க்கா."

"அப்பா?"

"கடைசியா தூக்குனாரு."

"அவரு?"

"ரெண்டு கையும்."

"ரெண்டா? இன்னொண்ணு யாருது?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. "சரி, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

5

அக்கா மனுப் போட்டாள். அரசாங்கம் கேட்ட டெபாசிட் அவளுடைய ஒரு நாள் கூலியைவிடக் குறைவு. முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது கூட வேலை பார்க்கும் முருகாயி.

அதற்குப் பிறகு ஊரில் எதுவுமே நடக்கவில்லை. எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பால் எடுக்க வருகிறவர் எங்கள் வாசலில் நிற்காமல் போனார். அப்பா கறந்து வைத்த பால் திரிந்தது. கடையில் அக்கா நீட்டிய காசைக் கடைக்காரர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். மச்சானின் பைக் சீட்டை யாரோ நீளமாகக் கிழித்திருந்தார்கள். அவர் தான் வேலை பார்க்கும் விளாங்குடிப் பட்டறைக்கு அதிலேயே சாக்கைப் போட்டு உட்கார்ந்து போனார். "காத்தோட்டமா இருக்கு மாப்ள" என்றார். குரல் சிரிக்கவில்லை.

நான் இங்கே வால்வை அளந்துகொண்டிருந்தேன். வெளியே பனி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பானாலும் கண்டுபிடிக்கிற கருவி என் கையில். ஊரில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. போலீசில் சொல்லலாம் என்றேன். "என்னன்னு சொல்ல? பால்காரர் நிக்கலன்னா?" என்றாள் அக்கா.

முருகாயியின் மகளுக்கு அந்த மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒருத்தரும் போகக்கூடாது, மேளக்காரரும் வரமாட்டார் என்று தகவல் வந்தது. முருகாயி வந்து அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மனுவை வாபஸ் வாங்கு என்று கேட்கவில்லை. ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். மறுநாள் அக்கா மனுவைத் திரும்ப வாங்கினாள். பேச்சியம்மாள் போட்டியின்றித் தேர்வானார். ஒரு ஓட்டுச் சீட்டுகூட அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.

6

இந்த நாட்டைப் பற்றி நான் எழுதும் குறிப்புகளைப் படிக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: மக்களே நேராக முடிவெடுத்தால் ஊழல் குறையுமா? முன்பென்றால் குறையும் என்று உடனே சொல்லியிருப்பேன். இப்போது என் பதில் தடுமாறுகிறது.

பிரதிநிதி என்றால் ஒருத்தரை விலைக்கு வாங்கினால் போதும், உண்மை. ஆனால் அவர் வாங்கியதை மறைக்கவாவது வேண்டும். அந்தக் கூச்சம் ஒரு சின்னக் காவல். எங்கள் ஊரில் மறைக்க எதுவுமில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தால் அது தப்பு என்று சொல்ல வெளியே ஆள் மிஞ்சவில்லை. அத்தனை பேரையும் வாங்கவும் தேவைப்படவில்லை. பயப்படுத்தினால் போதும். அதற்குச் செலவே இல்லை, திரும்பிப் பார்த்தால் ஆகிவிடுகிறது.

சுவிஸ்காரர்கள் நல்லவர்கள், நாம் மோசம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. இங்கேயும் ஒரு மாகாணத்தில் ஆண்கள் மட்டும் கூடிக் கை தூக்கி, பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று திரும்பத் திரும்ப முடிவெடுத்திருக்கிறார்கள். வெகு காலம் கழித்து நீதிமன்றம் சொல்லித்தான் மாறியது. கயிற்றுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதைக் கயிற்றுக்கு உள்ளே இருப்பவர்களே தீர்மானித்தால் அப்படித்தான். குடியுரிமை கேட்கும் வெளிநாட்டுக்காரனை ஊர்க்கூட்டமே முடிவு செய்யும் ஊர்கள் இங்கே இன்னும் உண்டு. எனக்கும் அந்த நாள் வரும். அன்றைக்கு யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று இப்போதே யோசனை ஓடுகிறது.

ரேட்டோ முதலாளிக்கு எதிராக அட்டை தூக்க முடிந்தது துணிச்சலால் மட்டுமில்லை. மறுநாள் அவன் வீட்டில் பால் இருக்கும். வேலை போனாலும் வேறு வேலை கிடைக்கும். நாய்க்கு உடம்பு எப்படி என்று கேட்பார்கள். அந்த மறுநாள் இல்லாத இடத்தில், நேராகக் கை தூக்கினாலும் பிரதிநிதி தூக்கினாலும் ஒன்றுதான். நேராகத் தூக்கும்போது பயம் வீட்டுக்கு வீடு நேராக வருகிறது, அவ்வளவுதான்.

7

என் மகளுக்கு ஐந்து வயசு. நான் தமிழில் கேட்டால் சுவிஸ் பேச்சில் பதில் சொல்கிறாள். அவளுக்கு மதுரை என்பது போனுக்குள் இருக்கும் ஒரு இடம். போன வாரம், மச்சான் கூப்பிட்ட அன்றைக்கு, சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு விளையாட்டு வைத்தாள். தோசையா, நூடுல்ஸா? அவள் பேச்சில் சொன்னாள்: "கண்ண மூடு அப்பா. மூடிட்டுத்தான் கை தூக்கணும். டீச்சர் மட்டும் பாப்பாங்க." அவர்கள் மழலையர் பள்ளியில் அப்படித்தானாம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்கக்கூடாது, யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக.

கண்ணை மூடினேன். அந்தக் கைகள்தான் தெரிந்தன.

இதை அக்காவிடம் விளையாட்டாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சிரிக்காமல், "எல்லாரும் கண்ண மூடணுமா? டீச்சர் மட்டும் பாக்குமா? அந்த டீச்சர் யாருக்கும் சொல்லாதா?" என்று கொத்தனாரிடம் கூலி பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஏன்க்கா?"

"சும்மாதான். இந்தத் தடவ நானே கூட்டத்துக்குப் போலாம்னு பாக்குறேன். முருகாயியும் வாரேங்குறா. மக கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே."

"வேணாங்க்கா."

"நீதானடா அன்னைக்கு நில்லுன்ன."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னைக்கு எனக்குத் தெரியும்ல" என்றாள். "நீ ஒண்ணு மட்டும் பண்ணு. கூட்டத்தன்னைக்குப் போன எடுக்காத."

மச்சானிடம் பேசினேன். அவர் அன்றைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அப்பா இந்த விசயமே பேசுவதில்லை. போன தடவை மனுவைத் திரும்ப வாங்கிய பிறகும், அபராதத்தைக் கட்டினால்தான் பால்காரர் நிற்பார் என்று சொல்லிவிட்டார்கள். நான் அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு, அதே வெள்ளைச் சட்டையில், அப்பாதான் போய்க் கட்டிவிட்டு வந்தார். மனுப் போட்டது அக்கா. அவளுக்கு அபராதம் போடவில்லை. கூட்டத்தில் அவளுக்குக் கையே கிடையாது, அதனால் அவள் எந்த வாக்கையும் மீறவில்லை. அப்பாவின் கைக்கு இருபத்தையாயிரம், மச்சானின் கைக்கு இருபத்தையாயிரம், நான் தூக்காத கைக்கு இருபத்தையாயிரம். ஆக, எழுபத்தையாயிரம் ரூபாய்.